யாருக்காக இந்த ஓட்டம்?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. கருணை நபி கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



இஷாத் தொழுகை முடிந்து, பள்ளிவாசலின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைக்கப்படும் நேரத்தில் சிலர் நம்மிடம் வந்து உட்காருவதுண்டு. மஸ்அலா கேட்க வந்தவர்கள் கேட்டுக்கொண்டு உடனே எழுந்து போய்விடுவார்கள். கூட்டம் கலையும் வரை காத்திருப்பவர்களின் கேள்வி வேறு விதமாக இருக்கும்.

"ஹஜ்ரத், ஐந்து வக்தும் தொழுகிறேன். கடையும் குறைவில்லாமல் நடக்கிறது. ஆனால் காலையில் கண் விழித்தால், எதற்காக எழுந்தோம் என்று இருக்கிறது" என்றார் ஓர் இளைஞர். இருபத்தைந்து ஆண்டுகள் அரபு நாட்டில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய பெரியவர் ஒருவர், "அங்கே இருந்தவரை நான் இன்னார் என்று எனக்குத் தெரிந்தது. இங்கே வந்த பிறகு நான் யாரென்றே விளங்கவில்லை" என்றார். கடைசி மகளையும் நிக்காஹ் செய்து கொடுத்துவிட்ட தாய் ஒருவர் நம் வீட்டாரிடம் வந்து, "பிள்ளைகளெல்லாம் கரையேறிவிட்டார்கள். இனி நான் எதற்கு?" என்று கேட்டுக் கண் கலங்கியிருக்கிறார்.

மூவர் கேட்டதும் ஒரே கேள்விதான். நான் யார்? எதற்காக இருக்கிறேன்?

இதற்கு விடை நம்மிடம் இல்லையா? இருக்கிறது. மனிதன் வீணுக்காகப் படைக்கப்படவில்லை என்பதைத் திருக்குர்ஆனின் 23ஆவது அத்தியாயம் உணர்த்துகிறது. மனிதர்களும் ஜின்களும் அல்லாஹ்வை வணங்குவதற்காகவே படைக்கப்பட்டார்கள் என்பதை 51ஆவது அத்தியாயம் அறிவிக்கிறது. மக்தபில் ஓதும் சிறு பிள்ளையைக் கேட்டாலும் இந்த விடையைச் சொல்லிவிடும். நம்மிடம் வந்த மூவரும் இதை அறியாதவர்கள் அல்லர். அப்படியானால், விடை தெரிந்திருந்தும் கேள்வி ஏன் எழுகிறது?

முன்பெல்லாம் இப்படிக் கேட்பவர்களிடம், "இது ஷைத்தானின் வஸ்வாஸ். திக்ரை அதிகப்படுத்துங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். திக்ரு மருந்துதான், அதில் ஐயமில்லை. ஆனால் நோய் எங்கே இருக்கிறது என்று பாராமல் மருந்து கொடுத்தோமே என்று இப்போது வருந்துகிறோம். அந்த விடையை நம்மையெல்லாம்விட நன்றாக அறிந்திருந்த ஒரு பேரறிஞருக்கே இதே கேள்வி எழுந்து, அவர்களைப் படுக்கையில் தள்ளியது. அந்த வரலாற்றை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

எல்லாம் பெற்றிருந்தவர்

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 450இல், அதாவது கி.பி. 1058இல், குராஸான் நாட்டின் தூஸ் பகுதியில் பிறந்தார்கள். தந்தையார் கம்பளி நூல் நூற்றுப் பிழைத்த ஏழை என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகிறார்கள். அவர் மரணத் தறுவாயில் தம் இரு மக்களையும், கையிலிருந்த சிறு தொகையையும் ஒரு சூஃபி நண்பரிடம் ஒப்படைத்தார். பணம் தீர்ந்ததும் அந்த நண்பர், "மதரஸாவில் சேர்ந்துவிடுங்கள். உணவுக்கும் வழி பிறக்கும்" என்னும் கருத்தில் பிள்ளைகளுக்கு வழி காட்டினாராம். ஆக, இமாமவர்கள் கல்வியின் வாசலை மிதித்தபோது வயிற்றுப் பசியும் கூடவே வந்தது. பிற்காலத்தில் அன்னாரே இதை ஒளிக்காமல் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அல்லாஹ் அல்லாத நோக்கத்தோடு கல்வியைத் தேடியபோதும், கல்வி அல்லாஹ்வுக்காகவே ஆகிவிட்டது என்பது அவர்கள் சொன்னதன் கருத்து.

பின்னர் நைஸாப்பூர் சென்று இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் ஓதினார்கள். ஹிஜ்ரி 478இல் உஸ்தாத் மறைந்த பிறகு, ஸல்ஜூக்கிய அரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் அவையில் அறிஞர் பெருமக்களிடையே இடம் பெற்றார்கள். ஹிஜ்ரி 484இல் (கி.பி. 1091) பாக்தாத் நகரின் நிஜாமிய்யா மதரஸாவுக்குத் தலைமை ஆசிரியராக நியமிக்கப்பட்டார்கள். அப்போது அவர்களுக்கு வயது முப்பத்துநான்கு. முந்நூறு மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டார்கள். கலீபாவின் அரண்மனையிலும் மதிப்பு இருந்தது. கல்வி, புகழ், செல்வம், குடும்பம் என்று மனிதன் கேட்கும் அனைத்தும் நாற்பது வயதுக்குள் வந்து சேர்ந்துவிட்டன.

நாவு நின்ற நாள்

ஹிஜ்ரி 488ஆம் ஆண்டு ரஜபு மாதம் (கி.பி. 1095 ஜூலை) தொடங்கி ஏறக்குறைய ஆறு மாத காலம் தமக்கு நேர்ந்ததை, "அல்முன்கிது மினள்ளலால்" என்னும் தம் நூலில் இமாமவர்களே விவரித்திருக்கிறார்கள்.

தம் நிலையை அவர்கள் ஒருநாள் உற்று நோக்கினார்கள். தம் வேலைகளில் மிகச் சிறந்தது எது? பாடம் நடத்துவது. சரி, அந்தப் பாடத்தை எந்த நிய்யத்தில் நடத்துகிறோம் என்று பார்த்தபோது திடுக்கிட்டார்கள். அல்லாஹ்வின் திருப்பொருத்தம் அங்கே இல்லை. பதவியும் புகழும்தான் தம்மை இழுத்துச் செல்கின்றன என்று கண்டார்கள்.

எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட வேண்டும் என்று ஒருநாள் உறுதி கொள்வார்கள். மறுநாள் அந்த உறுதி கரைந்துவிடும். ஆயுள் குறுகிக்கொண்டே வருகிறதே, பயணம் நெடியதாயிற்றே என்று ஈமானின் குரல் ஒருபுறம் அழைக்கும். இது வந்து போகும் மனநிலை, இந்தப் பதவியை விட்டால் பிறகு ஏங்கினாலும் கிடைக்காது என்று ஷைத்தான் மறுபுறம் தடுப்பான்.

இந்த இழுபறியின் முடிவில் ஒருநாள் பாடம் நடத்த உட்கார்ந்தவர்களுக்கு நாவு எழவில்லை. மாணவர்களின் மனம் நோகாதிருக்க ஒரு நாளாவது பேசிவிட வேண்டும் என்று முயன்றும் ஒரு சொல்லும் வரவில்லை. அந்தத் துயரம் நெஞ்சில் இறங்கி உணவும் நீரும் உள்ளே செல்லாமல் போயிற்று. வந்து பார்த்த மருத்துவர்கள், நோய் உள்ளத்தில் தோன்றி உடம்புக்கு வந்திருக்கிறது, உள்ளத்தின் கவலை தீராமல் வேறு வைத்தியம் இல்லை என்று கூறி நம்பிக்கை இழந்தார்கள்.

சகோதரர்களே! இங்கே சற்று நின்று பாருங்கள். அப்போது அன்னாரின் ஈமானில் பழுது இருந்ததா? இல்லை. அல்லாஹ்வின் மீதும், நுபுவ்வத்தின் மீதும், மறுமை நாளின் மீதும் கொண்ட நம்பிக்கை அப்போது உள்ளத்தில் வேரூன்றியிருந்தது என்று அவர்களே எழுதுகிறார்கள். கல்வியிலும் குறைவில்லை. செய்த வேலையும் பாவமான வேலையன்று, தீனுடைய பாடம் நடத்துவதுதான். பின் எங்கேதான் பழுது?

"எதற்காக?" என்பதற்குரிய விடை அறிவில் இருந்தது. "யாருக்காக?" என்று கேட்டபோது அன்றாட வேலையில் விடை இல்லை. பழுது அங்கேதான் இருந்தது. வணங்குவதற்காகப் படைக்கப்பட்டோம் என்று வாய் சொல்கிறது. காலை முதல் இரவு வரை கால்கள் ஓடுவதோ பிறர் பார்வைக்காக ஓடுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பிளவைத்தான் மனிதன் வெறுமை என்று உணர்கிறான். "காலையில் எதற்காக எழுந்தோம்" என்று அந்த இளைஞர் கேட்டதும் இந்தப் பிளவின் வலியினால்தான். அந்த வலியை ஈமானின் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. ஈமான் உயிரோடு இருப்பதனால்தான் அது வலிக்கிறது.

புறப்பட்டார்கள், திரும்பியும் வந்தார்கள்

அந்த ஆண்டு துல்கஃதா மாதத்தில் இமாமவர்கள் பாக்தாத்தை விட்டுப் புறப்பட்டார்கள். மக்கா செல்வதாக வெளியே சொல்லிவிட்டு, ஷாம் நாட்டை நாடிச் சென்றார்கள். தம் இடத்தில் பாடம் நடத்தத் தம்பி அஹ்மத் அவர்களை நிறுத்தினார்கள். தமக்கு வேண்டிய அளவையும் பிள்ளைகளின் உணவுக்கு வேண்டியதையும் வைத்துக்கொண்டு, மற்றச் செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஊர் என்ன சொன்னது தெரியுமா? ஆட்சியாளர்களுக்கு அஞ்சி ஓடுகிறார் என்று சிலர் பேசினார்கள். கண்ணேறு பட்டுவிட்டது என்று சிலர் பேசினார்கள். தீனுக்காகவே ஒருவர் இவ்வளவு பெரிய தீனுடைய பதவியை விடுவார் என்பது யாருக்கும் நம்பும்படியாக இல்லை.

திமிஷ்கில் உமவீ பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டு பகல் முழுவதும் தனித்திருப்பார்கள். பின் பைத்துல் முகத்தஸ் சென்று, குப்பத்துஸ் ஸக்ராவில் அவ்வாறே தனித்திருந்தார்கள். இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலம் உள்ள கலீல் நகரில், இனி அரசர்களின் பொருளை ஏற்பதில்லை, அரசவைக்குச் செல்வதில்லை, வாதப் போர் புரிவதில்லை என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். ஹஜ்ஜும் நிறைவேற்றினார்கள். உலகப் புகழ் பெற்ற "இஹ்யா உலூமித்தீன்" இந்தக் காலத்தின் கனி. நாற்பது பாகங்கள் கொண்ட அந்நூலில் நிய்யத்து, இக்லாஸ், ஸித்கு பற்றி ஒரு தனிப் பாகமே உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த வரலாற்றின் முற்பாதியை மட்டும் கேட்டுவிட்டு, "எனக்கும் உலகம் கசந்துவிட்டது" என்று பெண்டு பிள்ளைகளைத் தவிக்கவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு. பிற்பாதியையும் கேளுங்கள். பிள்ளைகளின் உணவுக்கு வழி செய்த பிறகே இமாமவர்கள் புறப்பட்டார்கள். ஹஜ்ஜுக்குப் பின் அவர்களை ஊருக்குத் திருப்பியழைத்தது எது? பிள்ளைகளின் அழைப்புத்தான் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். மினாராவின் தனிமையில் கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள்.

அத்தோடு முடியவில்லை. பதினோரு ஆண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரி 499இல் (கி.பி. 1106) நைஸாப்பூரின் நிஜாமிய்யாவில் மீண்டும் பாடம் நடத்த அமர்ந்தார்கள். அதே வேலை, அதே மதரஸா முறை, அதே போன்ற மாணவர்கள். விட்டு வந்த இடத்துக்கே திரும்பிவிட்டாரே என்று பார்ப்பவர்கள் எண்ணக்கூடும். அன்னாரோ இதைத் திரும்புதலாகவே கருதவில்லை. முன்பு பெருமையைப் பெற்றுத் தரும் கல்வியைப் பரப்பினோம், இப்போது பெருமையை விடச் செய்யும் கல்விக்கு அழைக்கிறோம் என்பது அவர்கள் தந்த விளக்கத்தின் சாரம்.

இதைத்தான் இம்மாதப் பாடத்தின் மையமாக நெஞ்சில் பதிக்க வேண்டுகிறோம். வேலை மாறவில்லை, யாருக்காக என்பது மாறியது. அது மாறியதும், முன்பு நாவைக் கட்டிப்போட்ட அதே வேலை நாவை அவிழ்த்துவிட்டது.

நம்மைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம்

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நம்மை மறைத்துக்கொள்வது முறையன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் பயானுக்கு அழைத்திருந்தார்கள். தலைப்பு இக்லாஸ். ஒரு மணி நேரம் பேசினோம். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இறங்கி வந்ததும் உடன் வந்த நண்பரிடம் நாம் கேட்ட முதல் கேள்வி, "எப்படி இருந்தது?" என்பதுதான். மறுநாள் கைப்பேசியில் அந்தப் பயானின் பதிவை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று பலமுறை எடுத்துப் பார்த்தோம். பேசிய தலைப்பு இக்லாஸ் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெட்கமாகிப் போயிற்று.

அந்த இரவில் இன்னொன்றும் நடந்தது. பயான் நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. முடிந்து வெளியே வந்தால், வாசலில் சிதறிக் கிடந்த செருப்புகளையெல்லாம் ஒரு முதியவர் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைத்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். "பயான் கேட்டீர்களா, வாப்பா?" என்றோம். "இல்லை ஹஜ்ரத். எல்லாம் நனைந்துவிடுமே என்று இங்கேயே நின்றுவிட்டேன்" என்றார். கேட்டவர்கள் நம் பெயரைத்தான் பாராட்டினார்கள். அவர் பெயரை யாரும் கேட்கவில்லை, நாமும் கேட்க மறந்துவிட்டோம். மறுமையில் எது நிறுவையில் கனக்கும் என்று எண்ணும்போது இன்றும் நடுக்கமாக இருக்கிறது.

நடுங்காமல் எப்படி இருக்க முடியும்? மறுமையில் முதலில் தீர்ப்பளிக்கப்படுவோரில், போரில் உயிர் கொடுத்தவர், கல்வி கற்றுக் கொடுத்தவர், வாரி வழங்கியவர் ஆகிய மூவரைப் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்க, முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியுள்ளது. மூவர் செய்ததும் பெரிய அமல்கள். மூவரும் மக்களின் பேச்சுக்காகவே செய்தார்கள். அந்தப் பேச்சு உலகிலேயே கிடைத்துவிட்டது. அல்லாஹ்விடம் பெற ஒன்றும் மிஞ்சவில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. மனைவியின் வாயில் ஊட்டும் ஒரு கவள உணவும் அல்லாஹ்வின் திருப்பொருத்தத்தை நாடியதாக இருந்தால் நற்கூலிக்குரியது என்று ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பது புகாரீயில் வருகிறது. இரவில் நின்று வணங்குவதற்கு எதிர்பார்க்கும் நற்கூலியைத் தம் உறக்கத்துக்கும் எதிர்பார்ப்பதாக முஆத் (ரலி) அவர்கள் சொன்னதும் அதே கிரந்தத்தில் உள்ளது. பெரிய அமல் வெறுமையாகிவிடுவதும் உண்டு, சிறிய செயல் நிறைந்துவிடுவதும் உண்டு. அதனால், "என் வாழ்வில் பெரிதாக ஒன்றுமில்லையே" என்று யாரும் சோர்ந்துவிட வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நல்ல நிய்யத்தினால் பாவம் நன்மையாகிவிடாது. வட்டியில் சேர்த்த பணத்தைத் தர்மம் செய்கிறேன் என்பவருக்கு நிய்யத்து துணை நிற்காது. இதை இமாமவர்களும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

நாள்தோறும் ஒரு கணக்கு

இனி, இதை வீட்டில் எப்படிக் கடைப்பிடிப்பது? இஹ்யாவில் நிய்யத்துப் பாகத்துக்கு அடுத்த பாகம் முராகபா, முஹாஸபா பற்றியது. அதில் இமாமவர்கள் நப்ஸைக் கூட்டு வியாபாரியாக வைத்து, ஆறு படிகளைக் காட்டுகிறார்கள். நம் வணிகக் குடும்பங்களுக்கு எளிதில் விளங்கும் உவமை இது. முதல் மூன்று படிகளை மட்டும் இங்கே தருகிறோம்.

முதலாவது முஷாரதா, அதாவது நிபந்தனை செய்தல். கூட்டாளியிடம் முதலை ஒப்படைக்கும்போது பேசி முடிவு செய்துகொள்கிறோம் அல்லவா? சுபுஹுத் தொழுகை முடிந்ததும் இரண்டு நிமிடம் எழாமல் அமருங்கள். "இன்று ஒரு நாள் எனக்கு முதலாகத் தரப்பட்டிருக்கிறது. கடை திறப்பது என் குடும்பத்துக்கு ஹலாலான உணவு தேடி, அல்லாஹ்வுக்காக. அடுப்பு மூட்டுவது அவன் அடியார்களின் பசி தீர்க்க, அல்லாஹ்வுக்காக" என்று நப்ஸிடம் பேசி முடித்துவிடுங்கள்.

இரண்டாவது முராகபா, அதாவது கண்காணித்தல். கூட்டாளியை நம்பிக் கல்லாப்பெட்டியைத் திறந்துபோட்டு யாரும் போய்விடுவதில்லை. ஒரு செயலைத் தொடங்கும் முன், "யாரும் பார்க்காவிட்டாலும் இதைச் செய்வேனா?" என்று ஒரு முறை கேளுங்கள். "செய்ய மாட்டேன்" என்று உள்ளம் சொன்னால் அந்த நற்செயலை விட்டுவிடாதீர்கள். விட்டால் ஷைத்தானுக்குத்தான் லாபம். நிய்யத்தைத் திருத்திக்கொண்டு அதையே செய்யுங்கள்.

மூன்றாவது முஹாஸபா, அதாவது கணக்குப் பார்த்தல். இரவில் கடைக்காரர் நாள்வழியில் வரவு செலவு எழுதாமல் கதவைச் சாத்துவதில்லை. படுக்கும் முன் அன்றைய நாளைப் புரட்டிப் பாருங்கள். எது அல்லாஹ்வுக்காக நடந்தது? எது பெயருக்காக நடந்தது? நல்லதற்கு ஷுக்ரு, தவறியதற்குத் தௌபா. கணக்கில் நஷ்டம் தெரிகிறதே என்று கலங்க வேண்டாம். கணக்கே எழுதாத கடைதான் தெரியாமல் மூழ்கும்.

நாற்பது நாள் இதைச் செய்து பாருங்கள். பெற்றோர் பிள்ளைகளுக்கும் பழக்கிக் கொடுங்கள். "முதல் மதிப்பெண் வாங்கினாயா?" என்று மட்டுமே கேட்டுப் பழக்கினால், பிள்ளை பிறர் வாயிலிருந்து வரும் பெயரையே தன் பெயராக எண்ணி வளரும். அந்தப் பேச்சு நின்ற நாளில் தான் யாரென்று தெரியாமல் நிற்கும்.

மற்றொன்று. வாரக்கணக்கில் உறக்கமின்றி, உணவு செல்லாமல், உயிர் வாழவே வெறுப்பாக இருக்கிறது என்னும் நிலை யாருக்கேனும் வந்தால், அதை மறைக்காமல் வீட்டாரிடம் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவம் செய்துகொள்வது ஸுன்னத்து. இமாமவர்களையும் மருத்துவர்கள் பார்த்தார்கள்.

அந்த மூவருக்கும்

இப்போது அந்த மூவருக்கும் பதில் சொல்வோம். தம்பி! கடை அதே கடைதான். அதன் கதவை யாருக்காகத் திறக்கிறீர் என்பதை நாளை சுபுஹில் பேசி முடித்துக்கொண்டு எழுந்திரும். பெரியவரே! அரபு நாட்டில் உங்களுக்கு இருந்தது பதவியின் பெயர். அது வாங்கியது, திரும்பக் கொடுத்தாயிற்று. அப்துல்லாஹ், அதாவது அல்லாஹ்வின் அடியான், என்னும் பெயர் ஓய்வு பெறுவதில்லை. தாயே! பிள்ளைகளுக்காக உழைத்தது முடிந்திருக்கலாம். பிள்ளைகளைத் தந்தவனுக்காக உழைப்பது எப்போது முடியும்? நீங்கள் கேட்கும் துஆவுக்கு இனித்தான் நேரம் கிடைத்திருக்கிறது.

இமாமவர்கள் ஹிஜ்ரி 505ஆம் ஆண்டு ஜமாதுல் ஆகிர் 14ஆம் நாள் (கி.பி. 1111 டிசம்பர்) தம் சொந்த ஊரான தூஸில் இவ்வுலகை நீத்தார்கள். இறுதி நேரத்தில் தோழர்கள் உபதேசம் கேட்டபோது, இக்லாஸைப் பற்றிக்கொள்ளும்படி கூறி, உயிர் பிரியும் வரை அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்று இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் எழுதுகிறார்கள். ஒருநாள் பேச்சு வராமல் நின்ற அந்த நாவில் கடைசியாக இருந்தது அந்தச் சொல்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் ஓட்டத்தையெல்லாம் தனக்காகவே ஆக்கிவைப்பானாக! எழுதிய நமக்கும், வாசிக்கும் உங்களுக்கும் இக்லாஸ் என்னும் செல்வத்தைத் தந்தருள்வானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.